ஃப்ரீலான்ஸ் வேலைக்கு ஜி.எஸ்.டி. எண் எப்போது தேவை?

பொத்தேரியில் ஜி.எஸ்.டி. என்றால் முதலில் நினைவுக்கு வருவது சாலைதான். கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு ஊரை ஒட்டியே ஓடுகிறது. எஸ்.ஆர்.எம்.மில் படிப்பு முடிந்தும் இங்கேயே அறை எடுத்துத் தங்கி, வீடியோ எடிட்டிங், வெப் டிசைன், கோடிங் என்று தனியாக வேலை எடுத்துச் செய்பவர்களுக்கு, இன்னொரு ஜி.எஸ்.டி. ஒருநாள் மெயிலில் வந்து சேரும்: 'பில்லோடு உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணையும் அனுப்பவும்.'

"நம்பர் இல்லேன்னா பேமென்ட் வராதோ?" என்ற பயத்தில் சிலர் அன்றே பதிவு செய்துவிடுகிறார்கள். "நமக்கெல்லாம் எதுக்கு?" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். இரண்டிலுமே சிக்கல் இருக்கிறது.

சேவை வழங்கும் ஒருவரின் மொத்த விற்றுமுதல் ஒரு நிதியாண்டில் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் பதிவு கட்டாயமாகிறது. தமிழகத்தில் 40 லட்சம் என்று சொல்லக் கேட்டிருக்கலாம். அது பொருள் மட்டும் விற்பவர்களுக்கான வரம்பு.

வாடிக்கையாளர் பெங்களூரில் இருந்தால்? 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, வெளிமாநிலத்துக்கு வேலை செய்தாலே பதிவு கட்டாயம் என்றிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் சேவை வழங்குவோருக்கு அது தளர்த்தப்பட்டது. ஆனால் பழைய விதியை இன்னமும் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு நிறுவனத்திடம் சேவை வாங்கி, 'ரிவர்ஸ் சார்ஜ்' முறையில் நீங்களே வரி கட்ட வேண்டிய நிலை போன்ற சில விதிவிலக்குகளில் மட்டும் இந்த 20 லட்ச வரம்பு கைகொடுக்காது. அப்படி இருந்தால் ஆடிட்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

பலர் சறுக்குவது கூட்டல் கணக்கில். "டாலர்ல வர்ற காசுக்கு ஜி.எஸ்.டி. கிடையாதே" என்று அதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள். ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூஜ்யம்தான். ஆனால் 20 லட்சத்தைக் கணக்கிடும்போது அதையும் சேர்த்தாக வேண்டும். உள்நாட்டில் 14 லட்சம், அமெரிக்க வாடிக்கையாளரிடமிருந்து 7 லட்சம் என்றால் மொத்தம் 21 லட்சம். வரம்பைத் தாண்டிய 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவுக்குப் பிறகு உள்நாட்டு பில்லுக்கு, பெரும்பாலான தொழில்முறை சேவைகளைப் போல, 18% வரி சேரும். வெளிநாட்டு பில்லுக்கு எல்.யு.டி. என்ற உறுதிமொழியை ஆண்டுதோறும் போர்ட்டலில் தாக்கல் செய்தால் வரி கட்டாமலே அனுப்பலாம்.

வரம்புக்குக் கீழே இருப்பவர், தான் பதிவு செய்யவில்லை என்று எழுதி பான் எண்ணோடு பில் அனுப்பலாம். அந்த பில்லில் ஜி.எஸ்.டி. வசூலிக்கக் கூடாது. நிறுவனம் பிடிக்கும் டி.டி.எஸ். வருமான வரிக் கணக்கைச் சேர்ந்தது. அதற்குத் தேவை பான்தான்.

விருப்பப்பட்டும் பதிவு செய்யலாம். பெரிய நிறுவனங்களுக்கு நீங்கள் போடும் 18% சுமையில்லை, உள்ளீட்டு வரிக் கடனாகக் கழித்துக்கொள்வார்கள். மறைமலைநகரில் சின்னக் கடைக்கு லோகோ செய்து தருபவர் நிலைமை வேறு. 10,000 ரூபாய் பில் 11,800 ஆகும். பதிவில்லாத கடைக்காரருக்கு அந்த 1,800 திரும்ப வராது. பேரம் உங்கள் கூலியில்தான் விழும்.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. போர்ட்டலில் பான், ஆதார், புகைப்படம், வங்கி விவரம் கேட்கும். வாடகை அறையில் இருப்பவர்களுக்கு முட்டுக்கட்டை முகவரிச் சான்றுதான். வாடகை ஒப்பந்தம் வேண்டும், வீட்டுக்காரர் பெயரில் உள்ள இ.பி. பில்லோ சொத்து வரி ரசீதோ வேண்டும். பி.ஜி.யில் தங்குபவர்களுக்கு ஒப்பந்தமே இருக்காது. 'வீட்டுல கம்பெனி நடத்துறீங்களா?' என்று வீட்டுக்காரர் தயங்கினால், ஊரில் பெற்றோர் வீட்டு முகவரியில் பதிவு செய்யலாமா என்று யோசிப்பவர்கள் உண்டு. வேலை உண்மையில் அங்கிருந்து நடக்காவிட்டால் அது ஆபத்து. அதிகாரி நேரில் பார்க்க வரலாம்.

எண் கையில் வந்ததும் ரிட்டர்ன் ஆரம்பித்துவிடும். ஒரு ரூபாய் வருமானம் இல்லாத மாதத்துக்கும் 'நில்' ரிட்டர்ன் உண்டு, அதை எஸ்.எம்.எஸ். மூலமாகவே போடலாம். மறந்தால் நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 500 ரூபாய் தாமதக் கட்டணம்.

கேம்பஸ் வேலை கிடைத்து பொத்தேரியை விட்டுக் கிளம்புபவர்கள் அறையைக் காலி செய்வார்கள், இந்த எண்ணை மறந்துவிடுவார்கள். தொழிலை நிறுத்தினால் ரத்து செய்ய போர்ட்டலிலேயே விண்ணப்பிக்க வேண்டும். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் ஒன்றும் பாக்கி இருக்கும்.