கலப்புதான்... ஆனால் கில்லாடி!

வீட்டு நாய்க்குக்கூட 'டைகர்', 'ராஜா' என்று கம்பீரமாகத்தான் பேர் வைப்போம். ஆனால் இங்கிலாந்தில் ஓர் அண்ணனும் தம்பியும் பார்த்துப் பார்த்து உருவாக்கிய மோட்டார் சைக்கிளுக்கு என்ன பேர் வைத்தார்கள் தெரியுமா? 'மெட்டீஸ்'! ஃபிரெஞ்சு மொழியில் அதற்கு 'கலப்பினம்' என்று அர்த்தம்.

டெரெக் ரிக்மன், டான் ரிக்மன் - இவர்கள்தான் அந்தச் சகோதரர்கள். ஹாம்ப்ஷயரில் நியூ மில்டன் என்ற ஊர். சேறு, மேடு, பள்ளம் எதையும் பார்க்காமல் பைக்கைப் பறக்கவிடும் மோட்டோகிராஸ் பந்தயத்தில் பிரிட்டன் அணிக்காகவே ஓட்டிய சூரர்கள்.

1950-களின் கடைசி. ஒரு கம்பெனி வண்டியில் இன்ஜின் பிரமாதம், இன்னொன்றில் கியர் பாக்ஸ் பிரமாதம். எல்லாம் பிரமாதமாக ஒரே வண்டி? ஊஹூம்! சகோதரர்கள் பேச்சுலர் ரூம் டெக்னிக்கைக் கையாண்டார்கள். ஒரு ஹோட்டலில் இட்லி, இன்னொன்றில் சாம்பார், மூன்றாவதில் சட்னி! ட்ரையம்ஃப் இன்ஜின், பி.எஸ்.ஏ. கியர் பாக்ஸ், நார்டன் முன் ஃபோர்க்... கலப்பினம் ரெடி.

ஆனால் ஒருவர் சட்டையை இன்னொருவர் போட்டால் எங்காவது பிடிக்கத்தானே செய்யும்? எல்லாவற்றையும் தாங்கும் முதுகெலும்பு, ஃப்ரேம். அதையும் நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினார்கள்.

அங்கேதான் இருக்கிறது கைவேலை. உயர்ரக சைக்கிள்களுக்குப் பயன்படும் 'ரெனால்ட்ஸ் 531' உருக்குக் குழாய். லேசானது, ஆனால் உறுதி. அதிகமாகச் சூடு காட்டினால் அந்த உறுதி போய்விடும். அதனால் வெண்கலக் கம்பியை உருக்கி மூட்டுகளை ஒட்டினார்கள். உருக்கு உருக சுமார் 1500 டிகிரி வேண்டும். வெண்கலக் கம்பி ஏறக்குறைய 900-லேயே இளகிவிடும். குழாய் தப்பித்தது! மேலே பளபளவென்று நிக்கல் முலாம்.

இன்னொரு குறும்பு கேளுங்கள். ஆயில் டேங்க்கையே காணோம்! இன்ஜின் ஆயில் ஃப்ரேம் குழாய்களுக்குள்ளேயே ஓடியது. ஒரு டப்பாவின் எடை மிச்சம், போகிற வழியில் ஆயிலும் கொஞ்சம் ஆறும்.

செயின் தளர்ந்தால் நாம் பின் சக்கரத்தை இழுத்துத்தான் சரி செய்வோம். இரண்டு பக்கமும் சமமாக இழுக்காவிட்டால் சக்கரம் கோணிக்கொள்ளும். மெட்டீஸிலோ, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மூட்டில், மையம் தள்ளித் துளை போட்ட வட்டத் தட்டுகள். மெஷினில் கடைந்தவை. தட்டை மாற்றினால் போதும்... செயின் இறுகும், சக்கரம் நேராகவே நிற்கும்.

வண்டியைப் பார்த்தவர்கள் 'எங்களுக்கும் ஒண்ணு' என்று வந்தார்கள். ஹாலிவுட் ஹீரோ ஸ்டீவ் மெக்வீனும் ஒரு மெட்டீஸ் வைத்திருந்தார். 1966-ல் பத்திரிகையில் அதைப் பாராட்டி எழுதினார்!

எல்லாம் சரி, இன்ஜின்? அதுதான் தீராத தலைவலி. சொந்தமாக இன்ஜின் கிடையாது. பெரிய கம்பெனிகளை நம்பித்தான் பிழைப்பு. அதனால் பெரும்பாலும் ஃப்ரேமும் மற்ற பாகங்களுமாக ஒரு செட்டாக விற்றார்கள். 'இன்ஜினை நீங்களே தேடிக்குங்க சார்!'

1970-ல் ஒரு திருப்பம். இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு மூடப்பட்டது. ஆமாம், நம்ம திருவொற்றியூர் புல்லட்டுக்குத் தாய்வீடுதான்! அமெரிக்காவுக்குப் போகவேண்டிய சுமார் 200 இன்டர்செப்டர் இன்ஜின்கள், வாங்க இருந்தவர் இறந்துபோனதால், துறைமுகத்தில் அநாதையாகக் கிடந்தன. 736 சி.சி. சிங்கங்கள்! அவற்றை விற்கவேண்டிய ஏஜென்ட் நேராக ரிக்மன்களிடம் வந்தார். இன்ஜினைத் தேடி அலைந்தவர்கள் வாசலுக்கு இன்ஜினே வந்துவிட்டது! இந்த முறை பிறந்தது, ரோட்டில் ஓடும் 'ரிக்மன் இன்டர்செப்டர்'.

1974-ல், ஏற்றுமதிச் சாதனைக்காக ரிக்மன் கம்பெனிக்கு இங்கிலாந்து ராணி பெயரிலான விருது கிடைத்தது.

கலப்பினத்துக்கு ராஜ மரியாதை!