வாவியின் பாட்டும் கேட்போரின் கருவியும்

மட்டக்களப்பு நாட்டுக்கு "மீன்பாடும் தேனாடு" என்னும் பெயர் வழங்கி வருவதை அறியாத ஈழத் தமிழர் இலர். ஆயின், பெயரை அறிந்தவர் அனைவரும் பாட்டைக் கேட்டவரோ எனின், அல்லர். கல்லடிப் பாலத்தை நாள்தோறும் கடந்து பாடசாலைக்கும் கந்தோருக்கும் செல்வோரை நிறுத்தி வினவிப் பாருங்கள். "அம்மப்பா கேட்டாராம்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடையாகும். பாடுவது மீனா, ஊரியா, நீரோட்டமா என்ற வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. அவ்வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப் போவதில்லை. இப்பாட்டைக் கேட்பதற்கு மனிதர் கைக்கொண்ட கருவிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம். ஏனெனில், கருவி இருந்தும் கேளாதிருக்கும் காலம் ஒன்று உண்டாயின், அது நமது காலமே.

முதற் கருவி படகோட்டியின் துடுப்பு. அதன் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியைக் காதோடு பொருத்திக் கேட்பது வாவி மீனவரின் பழைய வழக்கம். இதனைப் பாமரர் வித்தை என்று தள்ளிவிடலாகாது. நீருக்குள் எழும் ஒலி நீரின் மேற்பரப்பில் மோதித் திரும்பிவிடுகின்றது. காற்றுக்கு வந்து சேர்வது நூற்றில் ஒரு பங்கினும் குறைவே. மரமோ நீரின் அதிர்வைத் தானே வாங்கி எலும்புக்கு ஊட்டிவிடுகின்றது. பௌதிகம் படித்தறியாத மீனவர் பௌதிகத்தின் வழியிலேயே சென்றிருக்கின்றனர்.

1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், அப்போது இலங்கை அரசாங்கத்தின் குடியேற்ற நாட்டுச் செயலாளராய் விளங்கிய சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இவ்வூருக்கு வந்து, இரவு வேளையில் படகேறிச் சென்று இப்பாட்டைக் கேட்டார். 1859இல் வெளியான இலங்கை பற்றிய தமது நூலில் அவர் அதனை விரித்துரைத்துள்ளார். அது நீண்டு ஒலிக்கும் ஒரே சுரமன்று. தனித்தனியே தெளிந்து ஒலிக்கும் பற்பல சிற்றொலிகளின் கூட்டம் என்பது அவர் கண்டது. ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லதிர்வுக்கு அதனை ஒப்பிடுகின்றார். படகின் பலகையில் செவியை வைத்தபோது ஒலி பெருகிற்றாம். கோடையில் மட்டுமே கேட்கும், மாரி வெள்ளம் வாவியில் புகுந்ததும் ஓய்ந்துவிடும் என்பதையும், பாடுவது ஊரியே என்று மீனவர் கூறியதையும் அவர் குறித்து வைத்தார். ஆட்சியாளர் எழுதிய நூல்களுள் ஊரவர் சொல்லை இத்துணைக் கவனமாகக் காதில் வாங்கியவை மிகச் சிலவே.

ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின், கருவி மாறிற்று. அமெரிக்காவின் நியூ ஒர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைக் குருமார் புனித மிக்கேல் கல்லூரியில் பணி புரிந்த காலம் அது. அவர்களுள் ஒருவரான வண. பிதா லாங் அடிகளார் வாவியின் ஒலியை நாடாவிற் பதிந்தார். 1960களில் அப்பதிவு இலங்கை வானொலியில் ஒலிபரப்பாயிற்று. படகேறாத மனிதரும் வாவியின் பாட்டை வீட்டிலிருந்தே கேட்டது அப்போதுதான். காந்த நாடா ஒலிப்பதிவு இயந்திரம் இலேசாகத் தூக்கிச் செல்லும் பொருளாக இராத அந்நாளில், இரவிலே நீர் நடுவிலே அதனை இயக்கிய பொறுமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொழுகையும் போதனையும் தம் கடனாய்க் கொண்ட ஒரு துறவி, வந்த ஊரின் நீரும் தமக்கு ஏதோ சொல்கின்றது என்று கருதினார் போலும்!

இந்த வாவிக்கரை வளர்த்தெடுத்த மற்றொரு துறவியையும் இவ்விடத்தில் நினையாதிருத்தல் இயலாது. காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், மட்டக்களப்பில் மெதடிஸ்த மத்திய கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றவர். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். வாவியின் இசையை நீரரமகளிரின் பாடலாகக் கண்டு கவிதை செய்த அவரே, பதினான்கு ஆண்டுகள் உழைத்து "யாழ் நூல்" என்னும் பெருநூலை ஆக்கி 1947இல் வெளியிட்டார். அவர் கையிலிருந்த கருவி எது? கணக்கு! மறைந்துபோன யாழ்களின் ஒலியை எவரும் பதிந்து வைக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அடிகளும், உரைகாரர் விட்டுச் சென்ற குறிப்புகளும், நரம்புகளுக்கிடையேயுள்ள விகிதங்களுமே எஞ்சியிருந்தன. அவற்றைக் கொண்டு கேளாத இசையைக் கணித்துக் கேட்டார் அடிகள்.

அக்கணக்கின் சுவையை மாணவர் தாமே அறியலாம். குரலுக்கு இளி 3/2 மடங்கு. இளிக்கு இளி, அதற்கும் இளி என்று பன்னிரண்டு முறை பெருக்கிச் சென்றால், ஏழு தானம் மேலே உள்ள அதே குரலை அடைந்துவிடுவோம் என்று செவி எதிர்பார்க்கின்றது. ஆனால் 3/2ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது 129.746, 2ஐ ஏழு முறை பெருக்கினால் வருவது 128. இரண்டும் பொருந்தா. இந்தச் சிறு பிசகைத் தீர்க்கவே உலகத்து இசைவாணர் பல நூற்றாண்டுகள் முயன்றனர். அடிகள் தாளிலே எழுதிப் பார்த்த இத்தகைய கணக்கை இன்றைய மாணவர் கணினியிலே நான்கே வரி நிரலில் செய்து முடிக்கலாம். செய்து முடித்தபின், அந்த எண்களைக் கணினியைக் கொண்டே ஒலிக்கச் செய்து கேட்கவும் செய்யலாம்.

கணினி என்றதும், அதற்கும் இசைக்கும் துறவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் ஐயுறலாம். அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் கனூத் அவர்களின் வாழ்க்கை அவ்வையத்துக்கு விடையாகும். 1938இல் பிறந்த அவர் லூத்தரன் சபையைச் சேர்ந்த கிறித்தவர். தந்தையார் அச்சபைப் பாடசாலை ஆசிரியர். தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். மகனும் ஓர்கன் பயின்றார். பிற்காலத்தில் தம் வீட்டிலேயே குழலோர்கன் ஒன்றை அமைத்துக்கொண்டார். கணினி நிரலாக்கக் கலை பற்றிய அவரது பெருநூலின் முதற் பாகம் 1968இல் வந்தது. 1977இல் இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்கான அச்சுப்படிகள் அழகின்றி வந்தமை கண்டு மனம் பொறாது, நூலை நிறுத்திவைத்து, அச்சுக்கோப்பதற்கென்றே "டெக்" என்னும் மென்பொருளைத் தாமே உருவாக்கத் தொடங்கினார். இடையீடு பத்தாண்டளவு நீண்டது! ஆக்கிய பொருளையோ எவர்க்கும் இலவசமாகவே வழங்கினார். அவர் விரும்பும் கருவிகள் மிக எளியவை: முதலிலே தாளும் பென்சிலும், பின்னரே "ஈமாக்ஸ்" என்னும் எழுதுபொறி. நிரல் என்பது இயந்திரத்துக்கு இடும் கட்டளை மட்டுமன்று, மனிதர் வாசிக்கும் கட்டுரையாகவும் அமைதல் வேண்டும் என்பது 1984 முதல் அவர் வற்புறுத்தி வந்த கொள்கை. மின்னஞ்சல் வேண்டாம் என்று 1990ஆம் ஆண்டின் முதல்நாளோடு விட்டுவிட்டார். விவிலியத்து வெளிப்படுத்தின விசேடத்தை ஓர்கனுக்குரிய இசையாக அமைத்து, 2018 சனவரி 10ஆம் நாள், தமது எண்பதாம் பிறந்த நாளன்று, சுவீடன் நாட்டுப் பித்தியோ நகரில் அரங்கேறக் கண்டார்.

பதினான்கு ஆண்டு யாழும் பத்தாண்டு அச்சும் ஒரே வகையான மனத்திலிருந்து பிறந்தவை என்றே நமக்குத் தோன்றுகின்றது. நாள்தோறும் புதிய செயலி ஒன்றை இறக்கி மறுநாள் அழித்துவிடும் நம் இளைஞர், இவ்விருவரின் மெதுவான கருவிகளையும் ஒருகணம் நோக்குவாராக.

இனி வாவிக்குத் திரும்புவோம். கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. குறுந்தட்டில் ஒரு விநாடி ஒலி 44,100 எண்களாக மாறுகின்றது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வெண் வரையே கேட்கும். அதனைப் பிசகின்றிப் பிடிக்க இருமடங்குக்கு மேற்பட்ட மாதிரிகள் வேண்டும் என்பதே அந்த எண்ணுக்குக் காரணம். இந்த அளவில் பத்து மணி நேர இரவு ஒன்று 158 கோடியே 76 இலட்சம் எண்களாகும். இவ்வளவையும் எவர் பார்ப்பது? இதற்கு வழி காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் பூரியர். சிக்கலான எந்த அதிர்வையும் எளிய அலைகளாகப் பிரித்துவிடலாம் என்பதை 1822இல் வெளியான தமது வெப்ப நூலில் அவர் விளக்கினார். (இளமையில் அவரும் குருத்துவத்துக்கென்று மடம் புகுந்து, வாக்குத்தத்தம் கொடுக்கு முன்னரே வெளியேறியவர்!) 1965இல் கூலி, டூக்கி என்னும் இருவர் அக்கணக்கை விரைவிலே செய்யும் முறையை வெளியிட்டனர். 1024 எண்களை நேர்வழியிற் பிரிக்கப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டுமாயின், இம்முறையில் பத்தாயிரம் அளவிலேயே காரியம் முடிந்துவிடுகின்றது.

பிரித்த அலைகளைப் படமாக வரைந்தால், நேரம் குறுக்கே ஓட, சுருதி நெடுக்கே ஏற, ஒலி கோலம்போலக் கண்முன் தோன்றும். இறாலின் சொடுக்கு நெடுங்கோடாகவும், மீனின் முனகல் கிடைக்கோடாகவும் தெரியும். பாலத்து வாகனங்களின் இரைச்சல் அடியிலே சேறுபோற் படிந்திருக்கும். இத்தகைய படத்தை வரைந்து தரும் "ஒடாசிட்டி" என்னும் மென்பொருள், 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இருவரால் தொடங்கப்பெற்று, 2000இல் வெளியாகி, இன்றுவரை விலையின்றிக் கிடைக்கின்றது. அவ்விருவருள் ஒருவரான ரொஜர் டானன்பேர்க் எக்காளம் ஊதும் இசைவாணர்.

கருவியும் செவியும் கூடினால் வழக்குத் தீரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1980களில் கலிபோர்னியாவின் சோசலிட்டோ துறையில் படகு வீடுகளில் வாழ்ந்தோர், இரவெல்லாம் எழுந்த முரலொலியால் உறக்கமிழந்தனர். இயந்திரங்களின் இரைச்சல் என்றும், நீரடிக் குழாய்களின் ஓசை என்றும் பலவாறு பேசிக்கொண்டனர். ஈற்றில், அது ஒருவகைத் தேரை மீனின் ஆண், பெண்ணை அழைக்கும் ஓசை என்று தெளிவாயிற்று. காற்றுப்பையைத் தசைகளால் அதிரச் செய்து, விநாடிக்கு நூறு அதிர்வுகள் அளவில், தொடர்ந்து நெடுநேரம் அம்மீன் முரலுகின்றது. நமது வாவியிற் பாடுவதும் மீனே என்று இதனால் முடிவுகட்டிவிட முடியாது. ஆயினும், ஊரார் கேட்டது பிரமையன்று என்பதை விஞ்ஞானம் உறுதிப்படுத்தக் கூடும் என்பதற்கு இது சான்று.

இவ்விடத்தில் அவசரம் ஒன்றுண்டு. டெனன்ட் சென்ற இரவில் வாவியின் மேல் மோட்டார் வாகனம் இல்லை. 2013இல் திறக்கப்பெற்ற புதிய கல்லடிப் பாலத்தில் இரவிலும் ஓட்டம் ஓய்வதில்லை. காந்த நாடாவும் காலத்தால் நைந்து போகும் பொருளே. பாட்டைத் தம் காதாற் கேட்ட முதியோர் ஒவ்வொருவராய் விடைபெறுகின்றனர். பாட்டே நின்றுவிட்டதா, இரைச்சல் அதனை மூடிவிட்டதா என்பதையும் அளந்தால் அன்றி எவரும் கூற இயலாது.

கரையிலுள்ள பாட்டுகளின் நிலையும் அவ்வாறே. 1628இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினர்; பத்தாண்டுகளில் அது ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. எனினும், போர்த்துக்கேயக் கலப்பு மொழியைப் பேசும் கத்தோலிக்கப் பறங்கியர் வயலினும் கித்தாரும் கொண்டு காபிரிஞ்ஞா ஆடும் மரபை இன்றளவும் காத்து வருகின்றனர். அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழக ஆய்வாளர் வந்து அவர்தம் பேச்சையும் பாட்டையும் கணினி வழியே பதிந்து, அழிந்துவரும் மொழிகளுக்கான காப்பகத்திற் சேர்த்துள்ளனர். வெளிநாட்டார் செய்தது நன்றே. ஆனால் அக்கருவிகள் யாவும் நம் பிள்ளைகளின் மேசையிலும் உள்ளனவே!

செய்ய விரும்பும் மாணவர்க்குச் சில குறிப்புகள் தருவோம். கடிகாரத்திலும் விளையாட்டுப் பொருள்களிலும் ஒலி எழுப்பும் பீசோ வில்லை ஒன்றை நீண்ட கம்பியுடன் பற்றாசு வைத்து இணைத்து, நீர் புகாதபடி பசையால் மூடினால், அதுவே நீருள் ஒலிவாங்கி. கோடை மாதங்களில், காற்று அடங்கிய இரவில், பெரியோர் ஒருவர் துணையுடன், பாலத்துக்கு அப்பாற்பட்ட துறையொன்றில் அதனை இறக்குங்கள். பூரணை இரவில் மட்டும் பதிந்தால் பயனில்லை. அமாவாசையிலும் இடைப்பட்ட இரவுகளிலும் பதிந்தால்தான் நிலவுக்கும் பாட்டுக்கும் தொடர்புண்டா என்பது தெரியும். நாள், நேரம், ஆழம், முகத்துவாரம் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பவற்றை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். பதிந்ததை மெருகூட்டாமல் ஒரு படியைப் பாடசாலையிலே சேமித்து வையுங்கள்.

பின்னர் ஒரு மாலையில், மீனவர் ஒருவரிடம் கேட்டு உயிருள்ள ஊரி சில வாங்கி வந்து, வாவி நீர் நிறைந்த வாளியிலே இட்டு, அதே ஒலிவாங்கியை அதில் இறக்கி, வீடு உறங்கியபின் கேட்டுப் பாருங்கள். கேட்டு முடிந்ததும் அவற்றை வாவியிலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.