கொடும்பாளூரும் அதன் குளமும்

விராலிமலையை அடுத்துள்ள கொடும்பாளூரைப் பேராறு எதுவும் வளப்படுத்தவில்லை. குளத்தை நம்பியே ஊர் வளர்ந்தது. கோவலன் மதுரைக்குச் செல்லும் வழியைக் கூறுமிடத்துச் சிலப்பதிகாரம் இவ்வூர்க் குளத்தைக் குறிப்பிடுகின்றது. பாதை மூன்றாகப் பிரிவதும் அங்கேதான்! பின்னர் சோழருக்குத் துணைநின்ற இருக்குவேளிர் இங்கிருந்து ஆண்டனர். அவர்களுள் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலில் இன்று நிற்பன இரண்டே. வடபுறக் கோயிலுக்கு அடிப்பகுதி மட்டுமே எஞ்சியது.

கருங்கல்லுக்கே இக்கதியெனின், மண்கரையை யாம் எவ்வளவு பேணவேண்டும்! வரத்துக்கால் தூர்ந்தால் மழை பெய்தும் குளம் நிரம்பாது. கலிங்கு அடைபட்டால் நிரம்பிய குளம் கரையை உடைக்கும். 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய குளங்கள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளன. ஐப்பசி மழைக்குமுன் உறுப்பினர்களும் உழவர்களும் கரையோடு நில்லாது, வரத்துக்காலின் தலைப்புவரை நடந்து பார்த்துவருமாறு கேட்டுக்கொள்கின்றோம்.