எனக்கும் ஒரு சான்ஸ்!



சைதாப்பேட்டை பஜார் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் குடியிருக்கும் இல்லத்தரசி நான். வயது 47. மூன்று மாதமாக வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறேன். செல்போனில் மிட்டாய் உடைக்கிற விளையாட்டு இல்லை. 90-களில் ஆண் பிள்ளைகள் டி.வி.யில் வயர் மாட்டி ஆடினார்களே, அந்த 'மேரியோ'. சிரிக்காமல் மேலே படியுங்கள்.

1994-ல் தம்பிக்காக அப்பா பர்மா பஜாரில் வாங்கிய செட் அது. ஜப்பானின் நின்டென்டோ கம்பெனி 1983-ல் கொண்டுவந்த மெஷினின் காப்பி. அசல், நம் நாட்டில் 'சாமுராய்' என்ற பெயரில் விற்றது. எங்களைப் போன்ற வீடுகளுக்கு வந்தது காப்பிதான். கேசட் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே இருக்கிற சில கேமையே திருப்பித் திருப்பி நம்பர் போட்டிருப்பான்! லீவு நாளில் தெருப் பையன்கள் அத்தனை பேரும் எங்கள் ஹாலில். என் வேலை மோர் கரைத்துக் கொடுப்பது. "நான் ஒரு தடவை ஆடறேன்டா" என்றால், "இந்த சான்ஸ் முடியட்டும் அக்கா" என்பான். முடிவதற்குள் அம்மா, "அங்க என்னடி வேடிக்கை, வந்து அரிசியைக் களை" என்று கூப்பிட்டுவிடுவாள். தம்பியைக் குறை சொல்லவில்லை. அப்போது அது ஒரு விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை.

பரணைச் சுத்தம் செய்தபோது செட் கிடைத்தது. அடாப்டர் மட்டும் ரிச்சி தெருவில் புதிதாக வாங்கினோம். கேசட்டைத் தம்பி வாயால் ஊதித்தான் போடுவான். அப்படி ஊதக் கூடாதாம், ஈரம் பட்டு உள்ளே இருக்கும் தகடு அரித்துவிடும் என்று கம்பெனியே சொல்லியிருக்கிறது. பஞ்சுக்குச்சியால் துடைத்துப் போட்டேன். படம் வந்துவிட்டது!

1985-ல் ஷிகெரு மியாமோட்டோ என்பவர் தலைமையில் உருவான ஆட்டம் இது. மொத்தமே 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு 'குட்மார்னிங்' படம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். இடத்தை மிச்சம் பிடிக்க, வானத்து மேகத்துக்கே பச்சை நிறம் கொடுத்துத் தரையில் புதராக வைத்திருக்கிறார்கள். பழைய புடவையில் தலையணை உறை தைக்கிற நம் புத்திதான்.

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஆட்டமே சொல்லித் தந்தது. மேரியோ நிற்பது திரையின் இடது பக்கம், அதனால் வலது பக்கம் போகத்தான் தோன்றும். எதிரே காளான் மாதிரி ஒன்று நடந்து வரும். இடித்தால் ஒரு சான்ஸ் போச்சு, தலையில் குதித்தால் அது நசுங்கும். முதல் கட்டத்தின் பின்பாதியில் இரண்டு படிக்கட்டுகளுக்கு நடுவே தாண்ட வேண்டும். நடுவில் தரை உண்டு, விழுந்தாலும் ஏறிக்கொள்ளலாம். அதே மாதிரி அடுத்த படிக்கட்டில் தரை கிடையாது, பள்ளம்தான்! எனக்கு ஸ்கூட்டி பழக்கியவர் இவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தந்திருந்தால் எப்போதோ ஓட்டியிருப்பேன்.

கஷ்டம் வேறு இடத்தில். மூன்று சான்ஸ், 32 கட்டம். செட்டை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. பள்ளிக்கூடப் பையனுக்கு மத்தியானம் முழுக்க இருந்தது. நமக்கு ஏது? குக்கர் விசில், தண்ணீர் லாரி, மாமியாருக்கு மாத்திரை. 'ஸ்டார்ட்' பட்டனை அழுத்தினால் ஆட்டம் அப்படியே நிற்கும், நான் போய் ரசம் தாளித்துவிட்டு வருவேன். மூன்று சான்ஸும் போனாலும் ஒரு வழி இருக்கிறது. 'ஏ' பட்டனை அழுத்திக்கொண்டே 'ஸ்டார்ட்' அமுக்கினால், விட்ட உலகத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடரலாம். இது மகள் சொன்னது. ஆனால் ஐந்தாம் உலகத்தில் இருந்தபோது ஒரு நாள் கரண்ட் போச்சு. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர், "கேம்தானே" என்றார். கிரிக்கெட் நடுவே கரண்ட் போனால் அவர் எப்படிக் குதிப்பார் என்று எனக்குத் தெரியும்!

கோட்டை கோட்டையாக ஏறினாலும், இளவரசி இங்கே இல்லை என்றே பதில் வருகிறது. எட்டு உலகம் வரை ஒருத்தி அடைபட்டுக் காத்திருக்க வேண்டுமா? 1986-ல் வந்த 'மெட்ராய்டு' ஆட்டத்தைச் சீக்கிரமாக முடித்தால், கவசத்துக்குள் இருந்தது ஒரு பெண் என்று கடைசியில் தெரியுமாம். அடுத்து அதுதான்.

இப்போது எட்டாம் உலகத்தில், மூன்றாவது கட்டத்தில் நிற்கிறேன். சுத்தியல் எறிகிற ஆமைகளைத் தாண்டவே முடியவில்லை. தாண்டிய சகோதரிகள் யாராவது இருந்தால், எப்படி என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

— ஒரு வாசகி, சைதாப்பேட்டை