கோணமலையில் ஒருநாள்

ஆக்கிரா நகருக்குச் செல்பவர் யமுனையின் மறுகரையில் இத்திமாதுத் தௌலாவின் கல்லறை மாளிகையையும் கண்டு திரும்புவர். மொகலாயப் பேரரசி நூர்சகான் தன் தந்தைக்காக எழுப்பிய அந்த வெண்பளிங்குக் கட்டடத்தின் வேலை 1622ஆம் ஆண்டு தொடங்கி 1628இல் முடிந்தது. இன்றும் அது முழு உருவோடு நிற்கின்றது. வழிகாட்டி அங்கே சொல்ல வேண்டியது சொற்பம். கண்ணே பெரும்பகுதியைச் சொல்லிவிடும்.

அந்த மாளிகை எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இலங்கையின் கீழ்க்கரையிலே ஒரு பெருங்கோயில் இடிக்கப்பட்டது. 1622க்கும் 1624க்கும் இடைப்பட்ட காலத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்சுதந்தீனு த சா திருக்கோணேச்சரத்தைத் தகர்த்து, அதன் கற்களைக் கொண்டே ஒரு கோட்டையைக் கட்டினான். ஆகவே திருகோணமலையைக் காண வருபவர்க்குக் கண் மட்டும் போதாது. இங்கே ஒரு கட்டடத்தின் கல் இன்னொரு கட்டடத்தின் சுவரிலே இருக்கின்றது. எது எங்கிருந்து வந்தது என்று கேட்டறிந்துகொண்டே நடக்க வேண்டும்.

வெயில் ஏறுமுன் கோட்டை வாயிலுக்கு வந்துவிடுதல் நன்று. 1803இல் பிரித்தானியர், தம் மன்னரின் மைந்தராகிய யோர்க் கோமகனின் பெயரால் இதற்குப் பிரடெரிக் கோட்டை என்று பெயரிட்டனர். உள்ளே நுழைவோரிற் பெரும்பாலார் மேலே உள்ள அரசச் சின்னத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் செல்வர். பார்க்க வேண்டியதோ பக்கத்திலே, வாயில் நிலைக்கல்லில் இருக்கின்றது. இரட்டைக் கயல் பொறித்த அக்கல்லில், சிதைந்துபோன தமிழ் எழுத்துக்கள் சில உள்ளன. குளக்கோட்டன் முன்னாளிற் செய்த திருப்பணியைப் பின்னாளிற் பறங்கியர் குலைப்பர் என்பது அதன் கருத்து. வழிகாட்டிகள் பாடலை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்துவிடுவார்கள். ஆனால், கல்லிலே எஞ்சியிருப்பன சில சொற்களே. பாட்டின் மிகுதி ஏடுகளிலும் ஊரார் நாவிலுமே வாழ்கின்றது. கல்லில் உள்ளது எது, நாவில் உள்ளது எது என்று பிரித்தறிவதற்கு அவ்விடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். இடித்தவர்கள் கட்டிய வாயிலிலேயே, இடிக்கப்பட்டதைப் பற்றிய சொல் நிலைத்துவிட்டமை நினைக்கத் தக்கது.

இக்கோட்டைக்காகத் தொலைநாட்டார் இவ்வளவு போரிட்டமைக்குக் காரணம் மலையன்று, துறைமுகம். சோழமண்டலக் கரையில், வாடைக்காற்றுக் காலத்தில் பெருங்கப்பல்கள் ஒதுங்குவதற்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. திருகோணமலையின் உட்குடா எக்காற்றுக்கும் அஞ்சாதது. 1639இல் ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்பட்டு, இதனைப் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தனர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே இது இருமுறை கைமாறிற்று: சனவரியில் ஆங்கிலேயர் பிடித்தனர்; ஆகத்து முடிவில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரென் அவர்களை வெளியேற்றினார். பின்னர் உடன்படிக்கையால் ஒல்லாந்தரிடம் மீண்ட கோட்டை 1795இல் மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

உள்ளே மரநிழலிற் புள்ளிமான்கள் அச்சமின்றி உலாவும். (கையில் உணவுப் பொட்டலம் வைத்திருப்போர் சற்று விழிப்பாயிருத்தல் வேண்டும்.) வழியிலே வெல்லெஸ்லி தங்கிய இல்லம் என ஒரு பழைய வீட்டைக் காட்டுவர். நெப்போலியனைப் பிற்காலத்தில் வென்ற வெலிங்டன் கோமகன் இவரே. நோயுற்று இவ்வீட்டிற் கிடந்தமையால் இவர் ஏறவிருந்த கப்பலைத் தவறவிட்டார் என்றும், அக்கப்பல் கடலில் மூழ்கிற்று என்றும் கதை சொல்லப்படும். கதையிற் பாதி மெய். எகிப்துக்குச் செல்லவிருந்த படையோடு அவர் இங்கே தங்கியதும், ஏறவிருந்த கப்பல் பின்னர் அழிந்ததும் உண்மை. நோய் அவரைப் பிடித்ததோ 1801இல், பம்பாயில்.

சாலை மேலேறி மலையின் உச்சியை அடைகின்றது. மலையடியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று என மூன்று கோயில்கள் இருந்தன என்றும், உச்சியில் இருந்ததே தலைமையானது என்றும் குவேறோஸ் பாதிரியார் எழுதிவைத்துள்ளார். இடித்தவர்களின் இனத்தவர் ஒருவரின் எழுத்தே இடிபட்டதன் பெருமைக்குச் சான்றாயிற்று. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. 1950இல் நகரசபையார் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956இல் ஆதர் கிளாக்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டனர். இன்று நாம் வணங்கும் கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. இதனைப் பழைய கோயில் என்று எண்ணி ஏமாறுவோரும் உளர். புதிது என்று புறக்கணிப்போரும் உளர். மூன்று நூற்றாண்டுக்கு மேல் கோயிலின்றி இருந்த காலத்திலும் மக்கள் இம்மலை முனையிற் கடலை நோக்கி வழிபாடு செய்து வந்தமையை இருசாராரும் மறந்துவிடுகின்றனர்.

செங்குத்தான பாறைமேல் ஒல்லாந்த எழுத்துப் பொறித்த தூண் ஒன்றும் உண்டு. அதில் 1687ஆம் ஆண்டும் பிரான்சினா வான் ரீட் என்னும் பெண்ணின் பெயரும் காணப்படுகின்றன. காதலன் கப்பலேறிப் போகக் கண்டு அவள் இவ்விடத்திலிருந்து கடலிற் குதித்தாள் என்பது, கேட்போர் கண்கலங்கும் கதை. அவ்வாண்டுக்குப் பின்னரும் அவள் உயிரோடிருந்து மணம் செய்துகொண்டாள் என்று ஒல்லாந்தரின் ஏடுகளை ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். மாணவரை அழைத்து வருவோர் இரண்டையும் சொல்லுவதே நேர்மை.

பிற்பகலில் நகருக்குள் இறங்கினால், பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டம் அமைதியாயிருக்கும். கீழைக் கடற்படைத் தலைவராயிருந்து 1852இல் பர்மியப் போரின்போது ஐராவதி ஆற்றிலே கப்பலில் நோயால் இறந்த சாள்ஸ் ஒஸ்டின் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆங்கில நாவலாசிரியை சேன் ஒஸ்டினின் இளைய சகோதரர் அவர். தமக்கையின் நூல்களைக் கற்றவர் எத்தனையோ பேர் தம்பியின் கல்லறை இவ்வூரில் இருப்பதை அறியார். அவர் பணிபுரிந்த கடற்படையின் தளம் 1957இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. பொழுது சாயும்போது கடற்கரையில் நின்று நோக்கினால் கோட்டைச் சுவரும் அதன்மேற் கோயிலும் ஒருங்கே தோன்றும்.