உங்களுக்குத் தெரியுமா? வன்தட்டைக் காணாத லினக்ஸ்

கண்டியின் ஹந்தான மலைப் பெயரில் இலங்கையில் உருவான லினக்ஸ் இயங்குதளம் ஒன்று உண்டு: ஃபெடோரா வழிவந்த ஹந்தான லினக்ஸ். ஃபெடோரா குடும்ப லினக்ஸ் உள்ள கணினி தொடங்கும்போது வன்தட்டைக் காணாமல் ‘டிராகட்’ என்று காட்டும் கறுப்புத் திரையில் நின்றுவிட்டால், தட்டு செத்துவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் நாணய வடிவ பற்றரி தீர்ந்தால் பயோஸ் அமைப்புகள் தொழிற்சாலை இயல்புநிலைக்குத் திரும்பக்கூடும்; அவற்றுள் வன்தட்டுடன் தொடர்புகொள்ளும் சாட்டா முறையும் மாறிவிடலாம். புதிய முறைக்கான டிரைவர் லினக்ஸின் தொடக்கக் கோப்பில் இல்லாவிட்டால் தட்டு தெரியாது. கணினியின் கடிகாரம் பல வருடம் பின்னால் நிற்பது பற்றரி தீர்ந்ததற்கு நல்ல தடயம். பற்றரியை மாற்றி, சாட்டா முறையை முன்பிருந்தபடி வையுங்கள். பழைய முறை நினைவில்லையா? தொடக்கப் பட்டியலில் ‘ரெஸ்கியூ’ வரி இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். அதில் கூடுதல் டிரைவர்கள் உண்டு. ஹட்டன், நுவரெலியாத் தோட்டப் பாடசாலைகளில் பழைய கணினிகளைப் பராமரிக்கும் ஆசிரியர்களே, வன்தட்டைக் கழற்றுமுன் திகதியைப் பாருங்கள்.