சம்பளம் கூடினால் வாடகையும் கூடும்: அமெரிக்க வீடமைப்பு உதவி தரும் பாடம்

மேலதிக நேர வேலை தருகிறோம் என்றால் ஊழியர் சந்தோஷப்படுவார் என்றே எந்த முதலாளியும் எதிர்பார்ப்பார். ஆனால் அமெரிக்காவில் அரச வீடமைப்பு உதவி பெறும் ஊழியர் ஒருவர் உடனே தலையாட்ட மாட்டார். முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பார். இதைச் சோம்பல் என்று நினைத்துவிடக் கூடாது.

அங்கு உதவி பெறும் குடும்பம், கழிவுகள் போக எஞ்சும் மாத வருமானத்தில் பொதுவாக 30 சதவீதத்தை வாடகையாகச் செலுத்துகிறது. மீதியை அரசு பொறுப்பேற்கிறது. வருமானம் 1,000 டொலர் என்றால் வாடகை 300 டொலர். உழைப்பு 1,600 டொலராக உயர்ந்தால் வாடகை 480 டொலராகிறது. கூடுதலாகக் கிடைத்த 600 டொலரில் 180 வாடகைக்கே போய்விடும். சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவக் காப்புறுதி ஆகியவற்றுக்கான 7.65 சதவீத வரியாக இன்னும் 46 டொலர் போகும். உணவு உதவி பெறுபவராயின் அதுவும் குறையும். பஸ் செலவும் பிள்ளையைப் பார்ப்பவருக்கான கூலியும் வேறு. நூற்றுக்கு நாற்பது கமிஷன் கேட்கும் தரகருடன் நம்மில் யார் கொடுக்கல் வாங்கல் வைப்போம்?

இந்த முடிச்சை அவிழ்க்க 1990ஆம் ஆண்டில் சட்டமூலம் ஒரு திட்டம் கொண்டுவரப்பட்டது. குடும்ப சுயசார்புத் திட்டம் என்று இதைச் சொல்லலாம். குடும்பத் தலைவர் வீடமைப்பு அதிகார சபையுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்கிறார். சம்பளம் கூடும்போது வாடகை வழமைபோல் கூடத்தான் செய்யும். ஆனால் அந்த அதிகரிப்புக்கு ஈடான தொகையை அதிகார சபை அவர் பெயரில் ஒரு கணக்கில் வைப்பிலிடுகிறது. மேலே சொன்ன 180 டொலர் ஐந்து வருடமும் தொடர்ந்து சேர்ந்தால் 10,800 டொலர். சிறு கடையொன்று தொடங்கவோ, வீடு வாங்க முற்பணம் கட்டவோ பயன்படுத்தலாம். நிபந்தனையும் உண்டு. ஒப்பந்தம் முடியும்போது அவர் வேலையில் இருக்க வேண்டும், குடும்பத்தில் எவரும் அரசின் பண உதவி பெறக் கூடாது. தவறினால் சேர்ந்த பணம் கைக்கு வராது.

கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் பல நகரங்களில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இத்திட்டத்தில் சேர்ந்தவர்களின் சராசரி உழைப்பு மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி உயரவில்லை. என் அபிப்பிராயத்தில் காரணம் விளங்கக்கூடியதே. இந்த மாத வாடகைக்குத் தவிப்பவருக்கு ஐந்தாண்டு கழித்து வரும் பணம் தூரத்துப் பச்சைதான்.

1998இல் ஆரம்பித்த ‘ஜொப்ஸ் பிளஸ்’ திட்டம் வேறு வழியில் போனது. தொடர்மாடிக் குடியிருப்புக்குள்ளேயே வேலை தேடித்தரும் அலுவலகம் திறக்கப்பட்டது. சம்பளம் கூடினாலும் வாடகை அதே அளவில் ஏறாதபடி சலுகை அளிக்கப்பட்டது. அயலவர்களே ஒருவருக்கொருவர் வேலைத் தகவல் சொன்னார்கள். லொஸ் ஏஞ்சலிஸ், டேட்டன், சென் போல் ஆகிய மூன்று நகரங்களில் இவை ஒழுங்காக நடந்தன. அங்கு 2000 முதல் 2003 வரை குடியிருப்பாளரின் உழைப்பு, திட்டம் இல்லாத குடியிருப்புகளைவிட வருடத்துக்குச் சராசரியாக 1,141 டொலர், அதாவது 14 சதவீதம் அதிகமாக இருந்தது. திட்டம் அரைகுறையாக நடந்த இடங்களில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.